கறுப்பு ஆணமும் நமது மந்திச் சோறும்



ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, எல்லோர் வீட்டு ஃபிரிட்ஜிலும் உழ்ஹிய்யா இறைச்சி இருக்கிற நேரம் இது. அதனால் ஓர் இறைச்சி ஆணத்தை வைத்தே ஒரு விஷயம் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வளைகுடாவில் நமது பெண்களோடு வேலை செய்கிற பிலிப்பினோப் பெண்கள்தான். "அவங்கட சாப்பாடு எல்லாம் பன்றிதானே" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவோம். அங்கே முஸ்லிம்களும் இருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

அந்நாட்டின் தெற்கே சூலு தீவுகளில் வாழும் தௌசுக் மக்கள் பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள். பக்கத்திலுள்ள தாவி தாவியில், சிமுனுல் தீவின் ஷெய்க் கரீமுல் மக்தூம் பள்ளிவாசலின் தொடக்கத்தை 1380ஆம் ஆண்டு என்று சொல்வார்கள். பிலிப்பைன்ஸை 300 வருடங்களுக்கு மேல் ஆண்ட ஸ்பெயினால் அவர்களது மார்க்கத்தை மாற்ற முடியவில்லை.

அவர்களது பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உரிய ஆணம் 'தியுலா இத்தும்'. கறுப்புச் சூப் என்று அர்த்தம். கறுப்பு நிறம் வருவது கருக்கிய தேங்காயிலிருந்து.

வீட்டிலே செய்யலாம். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்குப் பாதித் தேங்காயின் பூ போதும். எண்ணெய் விடாமல் சட்டியில் போட்டு, மண்ணிறம் தாண்டிக் கரி நிறம் வரும்வரை கிண்டுங்கள். புகை வரும், குசினி ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாம்பலாக விடாமல் இறக்கி, மசிய அரையுங்கள். இஞ்சி, உள்ளி, மஞ்சள், அரத்தை, உப்பு சேர்த்து அரைத்து, எல்லாவற்றையும் இறைச்சியில் பிரட்டி அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். பிறகு வெங்காயத்தை வதக்கி, இறைச்சியைப் போட்டு, சேரை என்கிற எலுமிச்சைப்புல்லும் பச்சை மிளகாயும் சேர்த்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, இறைச்சி மெதுவாகும் வரை சிறு நெருப்பில் வைக்க வேண்டும். தேங்காய்ப்பால் தேவையில்லை. சுடுசோற்றோடு சாப்பிடலாம்.

இதில் நமக்குத் தெரியாத சாமான் என்று ஏதாவது இருக்கிறதா? நாமும் தூளை வறுத்துத்தான் கறுப்புக் கறி ஆக்குகிறோம். தேங்காயையும் வறுத்து அரைக்கிறோம். அவர்கள் இன்னும் ஒரு படி கூடப் போகிறார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். மந்தியும் கப்ஸாவும் ருசியானவை, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அதுதான் 'முஸ்லிம் சாப்பாடு' என்று நமது பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினால், உம்மா ஆக்குகிற தேங்காய் ஆணம் அவர்களுக்கு இரண்டாந்தரமாகத் தெரியும். கல்யாண வீடுகளில் அது இப்போதே தெரிகிறது. கடன்பட்டாவது மந்தி போட வேண்டும், இல்லாவிட்டால் குறை என்கிற நிலை.

மார்க்கம் நம்மிடம் கேட்பது ஹலாலா, சுத்தமா, வீண்விரயம் இல்லையா என்றுதான். எந்த நாட்டுச் சட்டி என்று கேட்கவில்லை. தௌசுக் மக்கள் ஈமானையும் விடவில்லை, தங்கள் கரிந்த தேங்காயையும் விடவில்லை. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. நமக்கும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பிலிப்பினோ மாட்டிறைச்சி என்று தேடினால் முதலில் வருவது தக்காளி போட்ட 'கல்தெரெத்தா'. அதில் சேர்க்கும் டின் ஈரல் விழுது பெரும்பாலும் பன்றி ஈரலில் செய்தது. அதை ஆக்க விரும்பினால் மாட்டீரலை அவித்து நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு சட்டி கறுப்பு ஆணம் ஆக்கி, பிள்ளைகளையும் சுற்றி இருத்தி, ஒரே சஹனில் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது அந்தத் தீவு மக்களைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் ஊரில் தேங்காய் வறுத்து அரைத்து ஆக்கும் ஆணத்துக்கு என்ன பெயர்? கீழே எழுதுங்கள். மறந்து போவதற்கு முன் ஒரு இடத்தில் சேரட்டும்.