மாதம் ரூ.5,000 இன்டர்ன்ஷிப் ஆஃபர்: ஏற்கலாமா, வேண்டாமா? கொல்லிமலை இளைஞர்கள் போட வேண்டிய கணக்கு

டிகிரி முடித்தாச்சு. வேலை இன்னும் கிடைக்கல. இந்த நேரத்தில் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஓராண்டு இன்டர்ன்ஷிப் ஆஃபர் வருகிறது. மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை, முடித்தால் சான்றிதழ். ஆனால் இடம் சொந்த ஊரில் இல்லை. போகலாமா, வேண்டாமா?

சென்னையில் பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு இது சுலபமான கேள்வி. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கும் ஒருவருக்கு அப்படி இல்லை. செம்மேட்டிலிருந்து நாமக்கல் போகவே சுமார் 55 கி.மீ. அதில் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை. ஆஃபரை ஏற்பது என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது என்றே அர்த்தம்.

இது மலை ஊரின் பிரச்னை மட்டும் இல்லை என்பதை மத்திய அரசின் எண்களே காட்டுகின்றன.

82 ஆயிரம் ஆஃபர்... சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் 5 ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி தருவது இலக்கு. அதே ஆண்டு அக்டோபரில் சோதனை முயற்சியாக முதல் சுற்று தொடங்கியது.

நாடாளுமன்றத்தில் தரப்பட்ட தகவல்படி, முதல் சுற்றில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஃபர்கள் போயின. ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஆஃபர் கிடைத்ததால், பெற்றவர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். ஏற்றவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர். உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான்! அதாவது ஆஃபர் பெற்ற 7 பேரில் ஒருவர்.

காரணம் என்ன? இடம் தூரம், 12 மாதம் என்பது நீண்ட காலம், கொடுத்த வேலையில் விருப்பம் இல்லை. அரசு தரப்பிலேயே சொல்லப்பட்ட காரணங்கள் இவை. ஆக, ஆஃபரை வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லாம் சோம்பேறிகள் இல்லை. பலருக்குக் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

யாருக்கு இந்தத் திட்டம்?

முதல் இரண்டு சுற்றுகளின் விதிப்படி வயது 21 முதல் 24 வரை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டம் முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. குடும்பத்தில் யாருக்கும் நிரந்தர அரசு வேலை இருக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று: முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் சேர முடியாது. தொலைதூரக் கல்வி, ஆன்லைன் படிப்பில் இருப்பவர் சேரலாம். 'காலேஜை பாதியில் விட்டுட்டு இதுக்குப் போகலாமா' என்று யோசிப்பவர்கள் அந்த யோசனையைக் கைவிடுவது நல்லது. படிப்பு போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயும் போகும், பட்டமும் போகும்.

அடுத்தடுத்த சுற்றுகளில் விதிகள் மாறலாம். விண்ணப்பிக்கும் நாளில் அதிகாரப்பூர்வ தளத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளவும்.

கணக்கு இதுதான்

முதல் இரண்டு சுற்றுகளின்படி மாத உதவித்தொகை 5,000 ரூபாய். இதில் 500 ரூபாயை நிறுவனம் தரும். மீதி 4,500 ரூபாய் மத்திய அரசிடமிருந்து ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும். சேரும்போது ஒருமுறை மட்டும் 6,000 ரூபாய். மொத்தம் 12 மாதத்துக்கு 66 ஆயிரம். மாதத்துக்குச் சராசரியாக 5,500 ரூபாய்.

இதை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 100 நாள் வேலைத் திட்டத்துக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். 15 நாள் முழுக் கூலி கிடைத்தால் 5,040 ரூபாய். இன்டர்ன்ஷிப்பில் ஒரு மாதம் முழுக்க வேலை செய்தாலும் அதைவிடக் குறைவு.

இப்போது செலவு. ஓசூரில் ஆஃபர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்து, ஆளுக்கு 1,500 ரூபாய் வாடகை. சாப்பாடு ஒரு நாளைக்கு 120 என்றால் மாதம் 3,600. இதிலேயே 5,100 ஆகிவிட்டது. பஸ், செல்போன் ரீசார்ஜ், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவது எல்லாம் கைக்காசு. நிறுவனமே தங்குமிடமோ மதிய உணவோ கொடுத்தால் இதே கணக்கு தலைகீழாக மாறிவிடும். அதனால் ஆஃபரை ஏற்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தங்க இடம், கேன்டீன் சாப்பாடு உண்டா?"

பெண்கள் என்றால் சேலம், திருச்சி போன்ற ஊர்களில் இருக்கும் தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகளில் இடம் கிடைக்குமா என்றும் விசாரிக்கலாம்.

கொல்லிமலையில் இன்னொரு செலவும் இருக்கிறது. அது ரசீதில் வராது. காபி, மிளகு பறிக்கும் மாதங்களில் வீட்டில் ஒரு ஆள் குறைந்தால், அந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். இதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

அப்போ போகவே கூடாதா?

அப்படி இல்லை. காசுக்காக மட்டும் என்றால் இது கட்டுப்படியாகாது. ஆனால் முதல் வேலைக்குப் போகும்போது 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லாத ஒருவருக்கு, பெரிய நிறுவனத்தில் ஓராண்டு இருந்த சான்றிதழ் உதவும். திட்ட விதிப்படி பயிற்சிக் காலத்தில் குறைந்தது பாதி நேரமாவது வகுப்பறையில் இல்லாமல் நிஜ வேலைச் சூழலில் இருக்க வேண்டும். எந்தப் பிரிவில், என்ன வேலை, யார் கற்றுத் தருவார் என்று கேட்பது தவறில்லை. படித்த படிப்புக்குச் சம்பந்தமான வேலை என்றால் ஓராண்டு கஷ்டம் தாங்கலாம். ஃபைல் தூக்குவதுதான் வேலை என்றால் யோசிக்கணும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

வேறு வழி: அப்ரண்டிஸ் பயிற்சி

1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் தொழில் பழகுநர் பயிற்சி தனி. 2019 விதிகளின்படியே பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், என்.எல்.சி. போன்றவை இதற்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன. கொல்லிமலையில் உள்ள அரசு ஐடிஐயில் படித்தவர்களும் இந்த வழியைப் பார்க்கலாம்.

அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர் பிரதமர் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டும் கையில் இருந்தால் அவசரப்படாமல் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும்.

'ஓகே' சொல்வதற்கு முன் 5 கேள்விகள்

1. தங்குமிடம், உணவு, போக்குவரத்து: இதில் எது நிறுவனம் தரும்?

2. வேலை நேரம் எத்தனை மணி? நைட் ஷிஃப்ட் உண்டா?

3. உதவித்தொகை எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு வரும்? வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்தாச்சா?

4. உடல்நிலை, குடும்பச் சூழலால் இடையில் விலகினால் என்ன ஆகும்?

5. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்றால், அந்த ஓராண்டில் படிக்க நேரம் இருக்குமா?

பதில்களை வாய்மொழியாக இல்லாமல் மெயிலிலோ கடிதத்திலோ வாங்கி வைப்பது நல்லது. அசல் மார்க் ஷீட், டி.சி.யை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளவும்.

'டெபாசிட் கட்டுங்க' என்றால்?

பிரதமர் இன்டர்ன்ஷிப்புக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. பதிவுக்கு, யூனிஃபார்முக்கு, லேப்டாப்புக்கு என்று சொல்லி வாட்ஸ்அப்பில் பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கடைசியாக...

தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்து, வேலையும் படிப்புக்கு ஒத்துப்போனால் ஏற்கலாம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால், வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பேசிவிட்டு முடிவெடுக்கலாம். இரண்டுமே இல்லை என்றால், கடன் வாங்கிப் போக வேண்டிய ஆஃபர் அது. வேண்டாம் என்று சொல்வதில் தப்பில்லை. முதல் சுற்றில் ஆஃபர் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைத்தான் செய்தார்கள்.