'இந்தப் பேனாவை டெஸ்ட் பண்ணுங்க!'

எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்வீட்டுப் பெண், இரண்டாவது இன்டர்வியூ முடிந்து வந்த அன்று தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக மாடியேறி வந்து என் வாசலில் செருப்பைக் கழற்றினாள். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். அதன்பிறகு மூன்று மாத சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ். ஃபீஸ் 35,000 ரூபாய். அவள் அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம்.

"என்ன கேட்டாங்க தெரியுமாக்கா? மேஜை மேல இருந்த பேனாவை என் கையில கொடுத்து, 'இதை டெஸ்ட் பண்ணுங்க'ன்னாங்க!"

"நீ என்ன சொன்ன?"

"ஃபங்ஷனல் டெஸ்டிங், ரெக்ரஷன் டெஸ்டிங், ஸ்மோக் டெஸ்டிங், லோடு டெஸ்டிங்னு எல்லா வகையும் சொன்னேன். டெஃபனிஷனும் தப்பில்லாம சொன்னேன். 'சரிம்மா, இந்தப் பேனாவை என்ன பண்ணுவீங்க?'ன்னு திரும்பவும் அதையே கேட்டாங்க. எழுதிப் பார்ப்பேன்னேன். அப்புறம் என்ன சொல்றதுன்னே தெரியலை."

நான் இந்த வேலையில் 17 வருடங்களாக இருக்கிறேன். இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கமும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். இவளைப் போல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. கருவிகளின் பெயர் தெரியும், வகைகளின் பெயர் தெரியும். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. சமையல் புத்தகத்தை மனப்பாடம் செய்தவரை அடுப்படியில் நிறுத்திய மாதிரி.

"ஞாயித்துக்கிழமை காலையில வா. உன் போனும் ஒரு நோட்டும் போதும்" என்றேன்.

முதல் ஞாயிறு நான் கொடுத்தது ஒரு பழைய கணக்கு. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-ல் எழுதிய டெஸ்டிங் புத்தகம் இதோடுதான் தொடங்குகிறது. ஒரு புரோகிராம் மூன்று முழு எண்களை வாங்கிக்கொள்ளும். அவை ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள். மூன்றும் சமமா, இரண்டு மட்டும் சமமா, மூன்றும் வெவ்வேறா என்று அது சொல்ல வேண்டும். இந்தப் புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்? நீங்களும் ஒரு நிமிடம் போனைக் கீழே வைத்து யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

அவள் 5, 5, 5 எழுதினாள். பிறகு 5, 5, 3. பிறகு 3, 4, 5. அவ்வளவுதான், பேனாவை மூடிவிட்டாள்.

"1, 2, 3 கொடுத்தா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது முக்கோணமே இல்லையேக்கா... நேர்கோடு!"

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. 1, 2, 4 கொடுத்தால் கோடுகள் ஒன்றையொன்று தொடவே தொடாது. மூன்றும் பூஜ்யம். மைனஸ் 3. இரண்டரை. எண்ணுக்குப் பதில் எழுத்து. மூன்று கேட்கிற இடத்தில் இரண்டே எண். 5, 5, 3 சரியாக வந்தால் 3, 5, 5-ம் சரியாக வருமா என்று அவளே கேட்டாள். கணிதம் அவளுக்குள் இருந்தது. அதை இந்த வேலைக்கும் எடுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவே.

மையர்ஸ் 14 கேள்விகள் வைத்து மதிப்பெண் போடச் சொல்கிறார். அனுபவமுள்ள புரோகிராமர்களே சராசரியாக 7.8-தான் வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் முதல்முறை வாங்கியது 6. கடைசிக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது: ஒவ்வொரு எண் தொகுப்புக்கும் என்ன விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தீர்களா? எது சரி என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்தால், திரையில் வருவதெல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு, அவள் போனில் இருக்கும் அலாரம். "உனக்கு 30 நிமிஷம். இதுல என்ன பிசகும்னு கண்டுபிடி" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அலாரம் ட்யூன்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்க ஆரம்பித்தாள். 10 நிமிடம் அதிலேயே போய்விட்டது.

"அலாரம் அடிக்கலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

"காலையில ட்ரெய்ன் போயிடும்."

"அப்போ எதை முதல்ல பார்க்கணும்?"

வேகமான டெஸ்டிங் என்றால் விரலை வேகமாக ஓட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது நாம் என்ன செய்கிறோம்? அலமாரியில் எத்தனை டம்ளர் என்றா எண்ணுகிறோம்? கேஸை மூடினோமா, தண்ணீர்க் குழாயை மூடினோமா, பின்கதவைப் பூட்டினோமா... அவ்வளவுதான். ஆட்டோ வாசலில் நிற்கிறது. எது போனால் பெரிய நஷ்டமோ அதை முதலில் பார்க்கிறோம். ஆபீஸிலும் அப்படித்தான். எல்லாவற்றையும் சோதிக்க நேரம் கொடுத்த மேனேஜரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுபடியும் 30 நிமிடம். இம்முறை அவள் நோட்டில் நேரம் போட்டு, செய்தது, நடந்தது, சந்தேகம் என்று எழுதிக்கொண்டே போனாள். போன் சைலன்ட்டில் இருந்தால் அடிக்கிறதா? யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது? போனை அணைத்து மறுபடி ஆன் செய்தால் வைத்த அலாரம் இருக்கிறதா? இப்போது மணி 10.15, 10.15-க்கே வைத்தால் இன்றைக்கா, நாளைக்கா? 12 மணி என்றால் நள்ளிரவா, நண்பகலா? ஒரே நிமிடத்துக்கு இரண்டு அலாரம் வைத்தால்? போனின் கடிகாரத்தைக் கையால் பத்து நிமிடம் முன்னே தள்ளி, நடுவில் ஓர் அலாரம் மாட்டிக்கொண்டால்? அவள் போனில் அந்த அலாரம் சத்தமே போடாமல் போய்விட்டது. அது தவறா, இல்லை அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று இருவரும் காபி ஆறும்வரை சண்டை போட்டோம். அந்தச் சண்டையும் டெஸ்டரின் வேலையில் சேர்த்திதான்.

இப்படி யோசித்துக்கொண்டே, கண்டதை வைத்து அடுத்த அடியை முடிவு செய்துகொண்டே சோதிப்பதற்கு எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் என்று பெயர். ஜேம்ஸ் பாக், மைக்கேல் போல்டன் (பாடகர் வேறு, இவர் வேறு!) என்ற இருவர் 'ரேபிட் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' என்ற பெயரில் இதை ஒரு முறையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். சரிபார்ப்பது வேறு, சோதிப்பது வேறு என்பது அவர்கள் கட்சி. 5, 5, 5 கொடுத்தால் சரியான விடை வருகிறதா என்று தினமும் ராத்திரி ஆயிரம் முறை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். செலினியம் போன்ற கருவிகள் அதற்குத்தான். ஆனால், 1, 2, 3 என்று ஒன்று உண்டு என யாராவது ஒருவருக்கு முதலில் தோன்ற வேண்டும். ஆட்டோமேஷன் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைய வேலை விளம்பரங்களில் அது இல்லாமல் நுழையவே கஷ்டம். எதை ஆட்டோமேட் செய்வது என்று தெரிந்த பிறகு கற்றால் பாதி நாளில் பிடிபடும் என்பது நான் கண்டது.

மூன்றாவது ஞாயிறு அவள் வீட்டிலேயே உட்கார்ந்தோம். அன்று பெயர், வயது, போன் நம்பர் கேட்கும் படிவங்கள். 18 முதல் 60 வயது வரை என்றால் 35-ஐப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. 17, 18, 60, 61... பிழை வரப்பில்தான் குடியிருக்கும். இதை அவள் கோர்ஸிலேயே படித்திருந்தாள்.

படிக்காதது நம் பெயர்களைப் பற்றி. நமக்கு இருப்பது ஓர் எழுத்து இனிஷியல். படிவமோ கடைசிப் பெயர் கேட்கும், அதிலும் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று அடம்பிடிக்கும். தமிழில் அடித்தால் இன்னும் வேடிக்கை. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் அது 5: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நான்குதான் அனுமதி என்று ஒரு புரோகிராம் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். ஒற்றை எழுத்தாகத் தெரியும் 'ஸ்ரீ' உள்ளே 4. எஸ்.எம்.எஸ். ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் போகும், தமிழில் 70-தான். இந்த எல்லைகளையெல்லாம் வெளியூர் டெஸ்டர் ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு அவை ரேஷன் கார்டு காலத்திலிருந்தே பழக்கம்.

நாங்கள் இப்படி அலசிக்கொண்டிருந்தபோது அவள் பாட்டி வந்து, "அந்த ஆப்பை என் போன்ல பாருங்கடி" என்றார். பாட்டியின் போனில் எழுத்து இருப்பதிலேயே பெரிய அளவில் இருந்தது. படிவத்தைத் திறந்தால் 'சேமி' பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. தள்ளினாலும் மேலே வரவில்லை. இரண்டு மணி நேரமாக நாங்கள் பார்க்காததைப் பாட்டி நாலு நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

நான்காவது ஞாயிறு, அதை ரிப்போர்ட்டாக எழுதச் சொன்னேன். அவள் எழுதியது: 'பட்டன் வேலை செய்யவில்லை. பெரிய பிழை. உடனே சரி செய்யவும்.' இதைப் படிக்கும் புரோகிராமர் தன் போனில் திறந்து பார்ப்பார். பட்டன் ஜம்மென்று வேலை செய்யும். 'என்னிடம் சரியாகத்தான் இருக்கிறது' என்று மூடிவிடுவார். எங்கள் தொழிலில் அதிகம் கேட்கிற வசனம் அதுதான். அவளுக்கு தெராக்-25 கதையைச் சொன்னேன்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். தயாரித்தது கனடாவின் அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா நிறுவனம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அது அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில், ஆபரேட்டர் 'இ' அடிக்க வேண்டிய இடத்தில் கைப்பழக்கத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே மேலே போய்த் திருத்திவிட்டு சிகிச்சையைத் தொடங்கினார். 'மால்ஃபங்ஷன் 54' என்று திரையில் வந்தது. உள்ளே படுத்திருந்தவருக்கு மின்சாரம் தாக்கியது போலிருந்தது. இன்ஜினீயர்கள் வந்து பார்த்தார்கள். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏப்ரலில் இன்னொரு நோயாளி, அதே ஆபரேட்டர், அதே 54.

இம்முறை அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், ஆபரேட்டரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, அன்று என்னென்ன செய்தார் என்பதை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பார்த்தார். மறுபடி மறுபடி. கடைசியில் 54 வந்தது. ரகசியம் வேகம். காந்தங்கள் தயாராக இயந்திரத்துக்கு 8 விநாடி தேவை. அதற்குள் திருத்தம் செய்து முடித்துவிட்டால், அந்தத் திருத்தம் இயந்திரத்துக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஆபரேட்டர் அனுபவசாலி, கை வேகமாக ஓடும். தயாரித்த நிறுவனத்திலோ நிதானமாக அடித்துப் பார்த்தார்கள். அதனால் பிழை வரவேயில்லை. வேகமாக அடியுங்கள் என்று ஹேகர் சொன்ன பிறகுதான் அவர்களுக்கும் வந்தது.

கதை முடிந்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி மறுபடி எழுதினாள். பாட்டியின் போன் மாடல், ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, எழுத்தளவு எதில் இருக்கிறது, எந்தப் பக்கத்தைத் திறந்தாள், என்ன வரும் என்று எதிர்பார்த்தாள், என்ன வந்தது, ஐந்து முறை செய்ததில் எத்தனை முறை வந்தது, எழுத்தைச் சிறிதாக்கினால் என்ன ஆகிறது. 'பெரிய பிழை' என்ற வார்த்தை இல்லை. அதற்குப் பதில், 'பெரிய எழுத்தில் படிப்பவர்கள் யாரும் இந்தப் படிவத்தை முடிக்க முடியாது' என்று ஒரு வரி இருந்தது. எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் இப்படி எழுதினால் நான் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வருவேன்.

மூன்றாவது இன்டர்வியூவுக்கு முதல்நாள், அந்தப் பழைய பேனா கேள்வியை நானே கேட்டேன். "யார் எழுதப் போறாங்க, எதுல எழுதப் போறாங்கன்னு முதல்ல கேப்பேன்க்கா" என்றாள். "செக்ல எழுதறதுன்னா தண்ணி பட்டா அழியுதான்னு பார்ப்பேன். சட்டைப் பையில வைக்கறதுன்னா தலைகீழா வச்சு ஒழுகுதான்னு பார்ப்பேன். சின்னப் பிள்ளைங்கன்னா மூடிதான் முதல்ல. வாயில போட்டுட்டா?" சில பேனா மூடிகளின் நுனியில் ஓட்டை இருப்பதே அதற்காகத்தான், தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வர. அதைச் சொன்னதும் வீட்டிலிருந்த பேனாக்களை எல்லாம் திறந்து பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

இன்டர்வியூவில் பேனா வரவில்லை. போன் கால்குலேட்டரைக் கொடுத்தார்களாம். "எவ்வளவு நேரம் இருக்கு சார்?" என்றுதான் தொடங்கியிருக்கிறாள். 20 நிமிடம் என்று சொன்னவர்கள் 50 நிமிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போன வாரம் ஆர்டர் வந்தது. சம்பளம் பெரிதில்லை. தை பிறப்பதற்குள் வளையலை மீட்டுவிடலாம் என்று அவள் அம்மா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

பாட்டிக்குத்தான் என் மேல் வருத்தம். "பட்டனைக் கண்டுபிடிச்சது நானு, வேலை அவளுக்கா?" என்கிறார்.