தோட்டத் தமிழும் கருவிக்குப் புரிய வேண்டும்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025 ஜனவரியில் 'ஐஃபா' என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையைத் தொடங்கியது. சந்தேகமான செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சரிபார்த்துச் சொல்லும். மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் பதில் தரும். கேமரன் மலையின் கோலா தெர்லா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் மனமார வரவேற்க வேண்டிய சேவை இது. இதற்கு முன் 2018இல், பொய்ச் செய்திக்கு ஆறாண்டு வரை சிறை என்று மலேசிய அரசு சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே அதை ரத்து செய்ய நாடாளுமன்றம் முடிவெடுத்தது. மிரட்டுவதைவிட விளக்குவது மேல்.

வதந்தி உயிரைக் குடிக்கும் என்பதைத் தமிழர்கள் கண்ணால் கண்டவர்கள். 2018 மே மாதம், போளூர் அருகே அத்திமூரில் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. அக்குடும்பத்தின் 65 வயது மூதாட்டி அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்தார். அடிபட்டவர்களில் மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் இருந்தனர்.

அந்த ஆண்டு இந்தியாவில் பீதி கிளப்பிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். இத்தகைய பொய்யைப் பிடிப்பதில் ஐஃபா போன்ற கருவிகள் கெட்டி: ஒருமுறை சரிபார்த்துவிட்டால், அதன் நகல்களை நொடியில் அடையாளம் காணும்.

உள்ளூர்ச் செய்தி வேறு ரகம். 'டேம் தொறந்துட்டாங்களாம், பஞ்சிர் (வெள்ளம்) வருதாம்' என்று நள்ளிரவில் ஒரு குரல்பதிவு வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க முன்சரிபார்ப்பு எதுவும் இருக்காது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, அதே கேமரன் மலையில் ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின. அப்படியொரு இரவில், உண்மையான எச்சரிக்கையைக் கருவி பொய்யென்று சொல்லிவிட்டால் அந்தப் பழியை யார் ஏற்பது?

ஆகவே அணையை இயக்கும் மின் நிறுவனமும் மாவட்ட அலுவலகமும் அணை, மண்சரிவு, சாலை மூடல் அறிவிப்புகளைத் தமிழிலும் உடனுக்குடன் கருவிக்குத் தர வேண்டும். மலாய் கலந்த தோட்டப் பேச்சைக் கேட்டுப் பழகிய தமிழர்கள் அதைச் சோதித்துத் திருத்த வேண்டும். யார், எத்தனை மணிக்கு அறிவித்தார்கள் என்ற விவரத்தோடு பதில் வர வேண்டும். தகவல் இல்லையென்றால் 'இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்லி, அழைக்க வேண்டிய எண்ணையும் தர வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிமார்களுக்கு அந்தப் பதில் குரலிலேயே கிடைக்க வேண்டும்.