அந்த எண் மார்க் அல்ல!

கலெக்டர் ஆபீஸ் எங்கள் வேங்கிக்காலில் இருப்பதால், திங்கட்கிழமை வந்தால் ஊரே கலகலவென்று ஆகிவிடும். மனு கொடுக்கப் போளூர், செங்கம், கலசபாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கவரில் காகிதங்களோடு வரும் தாய்மார்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பதுண்டு. அப்படி வந்த ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பையனுக்கு என்னமோ டெஸ்ட் வெச்சாங்க. 62ன்னு எழுதியிருக்கு. பாஸ்தானேக்கா?"

அதே வாரம் எதிர்வீட்டுப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பள்ளியில் ஐ.க்யூ. பார்த்தார்களாம். "96தான் மாமி வந்திருக்கு. நூறுகூட வரலியே!"

இரண்டு பேருக்கும் நான் முதலில் சொன்னது ஒன்றுதான். அது நூற்றுக்கு இத்தனை என்கிற மார்க்கே அல்ல!

நுண்ணறிவு ஈவு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் இந்த எண்ணின் கதை பாரிஸ் நகரில் தொடங்கியது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்று 1904ல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஆல்ஃபிரட் பினே, டாக்டர் சிமோனுடன் சேர்ந்து 1905ல் 30 சின்னச் சின்ன சோதனைகளைத் தயாரித்தார். எரிகிற தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா, மூன்று எண்களைத் திருப்பிச் சொல்கிறதா, ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். குழந்தையை ஒதுக்குவதற்காக அல்ல. கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று அறிவதற்காக!

பிறகு "மன வயது" என்ற கணக்கு வந்தது. மன வயதை நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். எட்டு வயதுக் குழந்தை ஆறு வயதுக்குரிய கேள்விகள்வரைதான் சொல்கிறது என்றால் 75. இன்றைய பெரும்பாலான சோதனைகளில் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு எண் போடுகிறார்கள். நடுநிலை 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில்தான் வருவார்கள். அதனால் எதிர்வீட்டு 96 நல்ல நடுத்தர எண். அழ வேண்டியதே இல்லை. திண்ணைக்கு வந்த 62 பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. உதவி கேட்கும் எண் அது.

பாரிஸ் கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா? வி.வி. காமத் என்பவர் தார்வார் பகுதியில் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளிடம் சோதித்து, அவற்றை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினார். 1940ல் புத்தகமாகவும் வெளியிட்டார். பினே–காமத் டெஸ்ட் என்று அது இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் புழங்குகிறது. பழைய அளவுகோல் என்ற குறை அதற்கு உண்டு. ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. குழந்தை தானே சாப்பிடுகிறதா, உடுத்திக்கொள்கிறதா, பக்கத்துக் கடைக்குப் போய் வருகிறதா என்று தாயிடம் கேட்டு அறியும் இன்னொரு அளவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கேரி பக் என்ற இளம்பெண்ணை மந்தபுத்தி என்று முத்திரை குத்தி, 1927ல் உச்ச நீதிமன்ற அனுமதியோடு கட்டாயக் கருத்தடை செய்தார்கள். கைக்குழந்தையாக இருந்த அவள் மகளையும் அப்படியே சொன்னார்கள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய், நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம் பிடித்தது! நம் வீடுகளிலும் "மக்கு" என்ற முத்திரை சுலபமாக விழுந்துவிடுகிறதே, அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் குழந்தைக்கு டெஸ்ட் என்றால் இவற்றைக் கவனியுங்கள்:

முதலில் காதும் கண்ணும் பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளை "சொன்னதைப் புரிஞ்சுக்கலை" என்று பெயர் வாங்கிவிடும். தைராய்டு குறைவு உண்டா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

தூக்கமும் பசியும் காய்ச்சலும் உள்ள நாளில் வேண்டாம். வீட்டில் பேசுகிற மொழியில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் கேட்டால், அளக்கப்படுவது ஆங்கிலமே தவிர அறிவு அல்ல.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. அயோடின் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அயோடின் உப்பையே வாங்கி, மூடி வைத்து, சமையல் முடியும் நேரத்தில் போடுங்கள். பிறந்த குழந்தைக்குத் தைராய்டு குறைவு என்றால், முதல் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கிவிட்டால் மூளையைக் காப்பாற்றலாம். அதனால் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைப் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள்.

எண் 70க்குக் கீழே வந்தால் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். 2016ஆம் வருடச் சட்டப்படி அறிவுசார் குறைபாடும் உரிமைக்குரிய ஊனமே. அரசு மருத்துவச் சான்றில் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று இருந்தால், 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி அந்தப் பிள்ளையின் உரிமை. "நாலு பேர் என்ன சொல்வாங்களோ" என்று சான்று வாங்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு?

புத்தி பிறவியிலேயே அடைத்து வைத்த சரக்கு அல்ல, பயிற்சியால் வளரும் என்று பினேயே 1909ல் எழுதினார். ஆகவே சகோதரிகளே, டெஸ்ட் முடிந்ததும் "எத்தனை வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். "இவனுக்கு எது நல்லா வருது? எதுல சிரமப்படறான்? வீட்ல நான் என்ன சொல்லிக் குடுக்கலாம்?" என்று மூன்றும் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.