பிளக் நுழைந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கி ஓராண்டு ஆன வீட்டில் மேசை டிராயரைத் திறந்தால் நாலைந்து கறுப்பு அடாப்டர்கள் கிடக்கும். மோடம், ஸ்பீக்கர், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என எதற்கோ வந்தவை. எது எதற்கு என்பது யாருக்கும் நினைவிருக்காது. பிளக் நுழைந்தால் மாட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

அண்ணன் மகன் தன் கிடார் இசையைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வந்திருந்தான். கிடாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு எஃபெக்ட்ஸ் பெடல் (காலால் அழுத்தினால் கிடாரின் ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டி). அதன் அடாப்டரை மறந்து விட்டான். "சித்தப்பா, 9 வோல்ட் அடாப்டர் இருக்கா?" என்றான். பழைய ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட் என்றே அச்சிட்டிருந்தது. பிளக்கும் அளவெடுத்தாற்போல் நுழைந்தது. பெடலின் விளக்கு எரியவில்லை. சில நொடிகளில் கருகிய வாடைதான் வந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய பெடல் அது.

வோல்டேஜ் சரி, துருவம் தவறு. ரவுட்டர் அடாப்டர்களில் பொதுவாக பிளக்கின் நடுத்துளை பாசிட்டிவ். கிடார் பெடல்களில் பெரும்பாலும் நடுத்துளை நெகட்டிவ், வெளிப்புறம் பாசிட்டிவ். இரண்டிலும் பிளக் ஒன்றேதான்: வெளிவிட்டம் 5.5 மி.மீ., துளை 2.1 மி.மீ. பெடலுக்குள் 9 வோல்ட் பேட்டரியும் போடலாம். அடாப்டரைச் செருகியதும் பேட்டரி தானே துண்டிக்கப்பட வேண்டும். அதற்கான ஸ்விட்ச் சாக்கெட்டின் வெளிப்புறத் தொடர்பில் இருப்பதால் பாசிட்டிவ் அங்கே போனது என்பார்கள்.

காரணம் இருக்கட்டும். எதிரெதிர் துருவங்களுக்கு ஒரே பிளக்கை வைத்தது தயாரிப்பாளர்களின் தவறு என்றே சொல்வேன். யு.எஸ்.பி.யைப் பாருங்கள். செருகியதும் வருவது 5 வோல்ட் மட்டுமே. கருவி கேட்டால்தான் சார்ஜர் அதற்கு மேல் தரும். பெடல் உலகத்தில் இந்த ஒழுங்கு இல்லை. டிஜிடெக் வாமி பெடலின் நான்காம் பதிப்புக்கு 9 வோல்ட் ஏ.சி. வேண்டும், ஐந்தாம் பதிப்புக்கு 9 வோல்ட் டி.சி.! பெயரும் ஒன்று, வோல்டேஜும் ஒன்று.

எனவே மாட்டும் முன் அடாப்டரின் லேபிளில் 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். வோல்ட் அதேதானா, ஏ.சி.யா டி.சி.யா என்று பாருங்கள். அருகில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருக்கும். புள்ளியோடு இணைந்த குறி பிளஸ் என்றால் நடுத்துளை பாசிட்டிவ். கருவியின் சாக்கெட் அருகிலும் இதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மில்லி ஆம்பியர் விஷயத்தில் பயம் வேண்டாம். "ஆம்பியர் கூடினால் எரிந்துவிடும்" என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். தவறு. 100 மில்லி ஆம்பியர் கேட்கும் பெடல் 500 தரக்கூடிய அடாப்டரிலும் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுக்கும். குறைவாக இருந்தால்தான் சிக்கல்.

பெடலைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கச் சில பெடல்களில் ஒரு டையோடு இருக்கும், இதில் இல்லை என்றார். சில ரூபாய்தான் அதன் விலையாம். பெடலைத் திரும்பத் தந்துவிட்டேன். புதிதாக ஒன்று வாங்க மாதாமாதம் பணம் எடுத்து வைக்கிறேன், அவனுக்குச் சொல்லவில்லை.