நிழல் வளவிலும் கீரை வளரும்



"எங்கட வளவில வெயிலே விழாது, என்னத்தை நடுறது?" உப்புக்குளத்தில் வீடுகளுக்குப் போகும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குசினிக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கும். மன்னாரில் கீரைக்கு அதுதான் நல்ல இடம் என்பேன். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். பல கிணறுகளில் உவர் நீர். திறந்த பாத்தியில் அதை ஊற்றினால், வெயில் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பை மேல்மண்ணில் விட்டுவிடும். நிழலில் ஈரம் நின்று பிடிக்கும், உப்பும் மெதுவாகத்தான் சேரும்.

ஆனால் எல்லாக் கீரைக்கும் நிழல் ஒத்துவராது. முளைக்கீரைக்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் தண்டு மெலிந்து வெளிறிப்போகும். வல்லாரையும் பசளியும் காலை வெயில் சிறிது பட்டாலே தளைக்கும். வேம்பின் வேர் பாத்தித் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால், உரப்பையிலோ பழைய வாளியிலோ மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நடுங்கள். அடியில் துளை போட மறக்க வேண்டாம்.

கடைகளில் விற்கும் சலாது இலைக்கும் ஆசைப்படலாம். அது குளிர்ச்சிப் பயிர், கடுஞ்சூட்டில் விதை முளைக்காது. மாரி மழை தணியும் மார்கழி, தை மாதங்களில் தூவுங்கள். விதையை ஆழமாக மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். உவர் நீரைச் சலாது தாங்காது, ஆகவே பீலியில் வடியும் மழைநீரைப் பிடித்து வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. சவர்க்காரத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

2022 ஜூன் மாதத்தில், உணவு நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. விடுமுறை கிடைத்தால் கிணற்று உவர் போய்விடுமா? எங்கள் மண்ணுக்கு எது சரி என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் இரத்தச்சோகை என்று சொல்லி அனுப்பப்படும் கர்ப்பிணித் தாய்மாருக்காகவே இதை முக்கியமாக எழுதுகிறேன். மீன் குழம்பும் சோறும் இருக்கிற வீட்டில் ஒரு பிடி கீரை இருக்காது. பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, மிஞ்சினால்தான் தாய்க்கு. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசைகளையும் நிறுத்தக்கூடாது. பச்சையாக உண்ணும் இலைகளைச் சுத்தமான நீரில் மூன்று தரம் அலசுங்கள். வாய்க்கால் ஓரத்து வல்லாரை வேண்டவே வேண்டாம்.

கோழிக்குப் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டினால் போதும். எங்களூர்க் கழுதைகளுக்கு அது காணாது, படலையைப் பூட்டியே வையுங்கள்.