அம்மா கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காதவர்கள்

போன வாரம் திருமுல்லைவாயிலில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் அறுபதைக்கூடத் தொடவில்லை. புராஸ்டேட் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவிவிட்டிருந்தது. அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் பந்தலில் இருந்தார்கள். “நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பி.எஸ்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்கப்பா” என்றேன். புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார்: “அதெல்லாம் எதுக்குங்க? எங்க வம்சத்துல யாருக்கும் புத்து கிடையாது. எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் நடமாட்டமா இருந்தாரு.”

அந்த மூன்று பிள்ளைகளின் அம்மா நாற்பது வயதை ஒட்டி மார்பகப் புற்றுநோயில் போனவர். அம்மாவின் தங்கைக்குச் சினைப்பையில் புற்றுநோய். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் இது தெரியும். நான் அதைச் சொன்னதும் பெரியப்பா கையை உதறினார். “அது பொம்பளைங்க வியாதி. அதுவும் அவங்கம்மா வழி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” பந்தலே தலையாட்டியது. ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் முப்பது வருஷம் இயந்திரங்களோடு வாழ்ந்து, எந்தப் பழுது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்த மனிதர்கள் அவர்கள். சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் பாதிக் கணக்கைக் கிழித்துப் போடுகிறார்கள்.

மேத்யூ நோல்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். பாடகி பியான்சேயின் அப்பா. 2019-இல் தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தொலைக்காட்சியில் வந்து சொன்னார். மார்பகப் புற்றுநோய், ஓர் ஆணுக்கு! பரிசோதித்ததில் பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்தது. அவருடைய அம்மாவின் சகோதரி மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அந்தச் சகோதரியின் மகள்கள் இருவரும் அதே நோயில் இறந்தவர்கள். நம் முறைப்படி அவருக்கு அக்கா தங்கைகள். எல்லாமே அம்மா வழி, எல்லாரும் பெண்கள். பெரியப்பாவின் கணக்குப்படி அவருக்கு ஒன்றுமே வந்திருக்கக்கூடாது. ஆனால் வந்தது. இனி வாழ்நாள் முழுக்கப் புராஸ்டேட்டையும் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

பி.ஆர்.சி.ஏ. 2 இருப்பது 13-ஆம் குரோமோசோமில். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நம் எல்லாரிடமும் அதன் இரண்டு பிரதிகள் உண்டு. அறுந்துபோன டி.என்.ஏ. இழைகளைச் சரியாக ஒட்டவைப்பது அதன் வேலை. அம்மாவிடம் ஒரு பிரதி பழுதாக இருந்தால், அது பிள்ளைக்கு வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. பிறப்பது ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. மகளுக்குப் போனால் பெரும்பாலும் மார்பிலோ சினைப்பையிலோ தலைகாட்டும். மகனுக்குப் போனால் புராஸ்டேட்டில் வரலாம், கணையத்தில் வரலாம், நோல்ஸுக்கு வந்ததுபோல் மார்பிலும் வரலாம். இந்தப் பழுதோடு பிறந்த ஆண்களில் 80 வயதுக்குள் 100-க்கு 19 முதல் 61 பேர் வரை புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்கிறது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம். வந்தால் சீக்கிரம் வரும், வேகமாகப் பரவும். அதனால்தான் இந்தப் பழுது உள்ளவர்களுக்கு 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்கச் சொல்கின்றன மேல்நாட்டு மருத்துவ வழிகாட்டிகள்.

2016-இல் ஓர் ஆய்வு வந்தது. புராஸ்டேட் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிய 692 ஆண்களைச் சோதித்ததில் 82 பேரிடம் டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் மரபணுக்களில் பரம்பரைப் பிழை இருந்தது. அதில் 37 பேரிடம் இதே பி.ஆர்.சி.ஏ. 2. தலையெழுத்து என்கிறீர்களே, அந்த எழுத்தைப் படிக்கவும் முடிகிறது ஐயா! படிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது யார்?

வம்சம் என்றால் இவர்களுக்கு அப்பா, தாத்தா, முப்பாட்டன். அம்மா வேறு வீட்டிலிருந்து வந்தவள். சமைத்தாள், பெற்றாள், போய்விட்டாள். மகளுக்குச் சொத்தில் சமபங்கு என்று 1989-இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. இன்றைக்கும் பூந்தமல்லி பக்கம் மனை விலை ஏறியதும் அக்கா தங்கைகளைக் கூட்டிவந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பெண்ணைக் கணக்கிலிருந்து நீக்கிப் பழகிய கைதான் அவளுடைய நோயையும் நீக்குகிறது. பத்திர ஆபீசில் செல்லுபடியாகும் அந்தத் தந்திரம் ரத்தத்தில் செல்லாது. மேத்யூ நோல்ஸின் ரத்தத்தில் செல்லவில்லை.

இதைவிடக் கொடுமை, மறைப்பது. ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்றால் வீட்டில் முதலில் வருகிற கவலை, மகளைக் கட்டிக்கொடுக்க முடியாதே என்பதுதான். “வயித்துல ஏதோ கட்டி, கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்று ஊருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நாளடைவில் அந்தக் கதையே குடும்பத்தின் வரலாறாகிவிடுகிறது. இருபது வருஷம் கழித்து மகன் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, “எங்க ஃபேமிலியில யாருக்கும் கேன்சர் இல்ல டாக்டர்” என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் சொல்லப்பட்டிருக்கிறது. ஜாதகத்தில் செவ்வாய் எந்தக் கட்டத்தில் என்று ஏழு பேரிடம் விசாரிப்பவர்கள், மாமியார் எதனால் இறந்தார் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை.

நமக்கு இந்த வசதியெல்லாம் ஏது என்று யாரும் சொல்ல வேண்டாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இதே சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கினார். அங்குள்ள ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. பிழைகளைத் தேடி 2003-இலேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். ஆவடியிலிருந்து அடையாறு எட்டாத தூரமா?

மரபணுச் சோதனையை நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அவரிடம் பழுது தெரிந்தால் கூடப் பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். திருமுல்லைவாயில்காரர் போய்விட்டார், அந்த வழி அடைபட்டுவிட்டது. இந்தப் பழுது உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஒலாபரிப் என்ற மாத்திரை இருக்கிறது. நோய் முற்றிய நிலையில் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் அதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2020-இல் அனுமதித்தார்கள். அவருக்கு அது உதவியிருக்குமா என்று சோதித்துப் பார்க்கக்கூட ஒருவரும் முயலவில்லை. மார்பகப் புற்றுநோயில் இறந்த அம்மாவைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ் கட்டி முழு உடல் பரிசோதனை முகாம் போடுகிறார்கள். நான் பார்த்த படிவங்களில் குடும்பத்தில் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மாரடைப்பு உண்டா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. அடுத்த முகாமுக்கு அச்சடிக்கும்போது இரண்டு வரி சேருங்கள். அம்மா, பாட்டி, சித்தி, பெரியம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா? எந்த வயதில்? பெண்களிடம் மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் ஒவ்வோர் ஆணிடமும் கேளுங்கள். தெரியாது என்றால் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.